கழுவிய நீருக்கு ஒரு வாளி

முதலாண்டு ஆய்வகத்தில் சன்னலோர மேசையின் கீழே ஒரு நீல நெகிழி வாளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரவிருப்பதால் ஆய்வகத்தை ஒழுங்கு செய்துகொண்டிருப்பதாகவும், அந்த வாளியை அகற்றிவிடலாமா என்றும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். ஓய்வு பெற்றவளிடம் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்டது அவருடைய பண்பு. "வேண்டாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லாமல் ஒன்றை இருக்கட்டும் என்பது ஆசிரியர்க்கு அழகன்று என்று பிறகு உறுத்தியது. இந்த ஆண்டு முதலாண்டு மாணவியர்க்கு மின்வேதியியல் கற்பிக்கும் பொறுப்பை உங்கள் அனைவருக்கும் பகிர்ந்தளித்திருக்கிறார்கள் என்று அறிகிறேன். ஆகவே இதை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

தொடக்கநிலை மாணவிக்கு மின்வேதியியல் கொஞ்சம் இரக்கமற்ற பாடம். தரம்பார்த்தலில் நிறம் மாறுகிறது. ஒரு துளியில் இளஞ்சிவப்புத் தோன்றினால் அவள் முகமும் மலர்கிறது. உப்புப் பகுப்பாய்வில் வீழ்படிவு உண்டு, வாடை உண்டு, புகை உண்டு. மின்வேதியியலில் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நிறமற்ற கரைசலில் ஒரு மின்வாயைத் தோய்க்கிறாள். கருவிப் பெட்டியின் மேல் ஓர் எண் மினுங்குகிறது. அவளுக்கு இருக்கும் ஒரே துணை அந்த எண்தான். அது பொய்த்துவிட்டால் பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லை. தன்னைத்தானே ஐயுறத் தொடங்குகிறாள்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் துறைத்தலைவராக இருந்தவர் மிகக் குறைவாகப் பேசுவார். ஒரு மாணவியின் அளவீடு தவறு என்று நான் கொண்டுபோய் நின்றால், தாளைப் பார்க்கவே மாட்டார். "மொதல்ல கருவியக் கேளுங்க. அப்புறம் கரைசலக் கேளுங்க. அதுக்கப்புறந்தான் புள்ளையக் கேக்கோணும்" என்பார். என் பணிக்காலம் முழுவதும் அந்த வரிசையைக் கடைப்பிடித்தேன். எத்தனையோ மாணவியரை அது வீண்பழியிலிருந்து காத்தது. ஆனால் அந்த வரிசைக்கும் எட்டாத ஓர் இடம் உண்டு என்பதைக் கோகிலா என்ற மாணவியின் தந்தை எங்கள் ஆய்வகத்துக்கு வந்த நாளில்தான் கண்டேன்.

கோகிலா வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். மானாவாரி நிலம்; முருங்கையும் ஆடுகளும் அந்த வீட்டின் வாழ்வு. விடுதியில் தங்கிப் படித்தாள். வேதியியலை அவளாகவே விரும்பி எடுத்தாள் என்பது சேர்க்கை நாளிலேயே தெரிந்தது. வேறு துறைகளில் இடம் இருக்கிறதே என்று நான் கேட்டபோது, "இல்லீங்க மேம், இதுதானுங்க வேணும்" என்று சொன்னவள் அவள். அவ்வளவு பணிவாக மறுப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அவளுக்கு அடுத்த மேசை ஆயிஷாவுடையது. கோவை உக்கடத்துப் பெண். அவளுடைய அத்தா வண்டி உதிரிகளுக்கு முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். எனவே ஆயிஷா மின்வேதியியலைக் கல்லூரிக்கு வருமுன்பே அறிந்தவளாகத் தன்னைக் கருதினாள். துத்தநாகமும் செம்பும் கொண்ட மின்கலத்தில் துத்தநாகமே ஆனோடு என்றும் அதன் குறி எதிர்க்குறி என்றும் நான் எழுதியவுடன் எழுந்துவிட்டாள்.

"மேம், எங்க அத்தா பட்டறையில ஆனோடு பாசிட்டிவ்தான். நான் வீட்டுல போயி நெகட்டிவ்னு சொன்னேன்னு வைங்க, காலேஜுக்கு அனுப்புனதே தப்புன்னுருவாரு."

"மின்சாரத்தைத் தருகிற கலம் இது. உங்கள் பட்டறையில் இருப்பது மின்சாரத்தை வாங்குகிற கலம். அதனால் குறி மாறுகிறது. எலெக்ட்ரானை இழக்கிற வேலை எங்கே நடக்கிறதோ அது ஆனோடு என்பது மட்டும் இரண்டிலும் மாறாது."

"அப்ப எங்க அத்தா சொன்னதும் சரி, நீங்க சொன்னதும் சரிங்களா?"

"ஆமாம்."

"அதெப்படி மேம் ரெண்டு பேரும் சரியா இருக்க முடியும்?" என்று அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். ஒரு நாள் கேட்பது நின்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நான் அறிந்தேன். சண்டையிட்டுக் கற்பவர்களால் ஆசிரியர்க்குத் தொண்டை வறளலாம்; கவலை இராது.

கோகிலாவிடம் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க மேம்" என்பாள். "சந்தேகம் ஏதும் உண்டா?" என்றால் "இல்லீங்க மேம்." எங்கள் கொங்கு வட்டாரத்து மரியாதை பெரிது. ஆயினும் அதற்கு ஒரு தீங்கு உண்டு: புரியவில்லை என்று சொன்னால் சொல்லித் தந்தவரைக் குறை கூறியதாக ஆகிவிடுமோ என்று நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். நீங்கள் வெளியூர்களிலிருந்து வந்திருப்பவர்கள். அந்த 'ங்க'வின் இனிமையில் மயங்கிவிடாதீர்கள். பல சமயம் அதற்குப் பின்னால் ஒரு பெண் தனியாகத் தவித்துக்கொண்டிருப்பாள்.

கோகிலாவை முறித்த ஆய்வு நீங்கள் அறிந்ததே. முதலில் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கொண்டு கருவியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு அசிட்டிக் அமிலத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் அது எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அந்த அமிலம் எவ்வளவு வலுக் குறைந்தது என்று கணக்கிட வேண்டும். கோகிலாவின் அளவீடுகள் தொடக்கத்தில் ஓரளவு சரியாக இருந்தன. கரைசல் நீர்க்க நீர்க்க, இறங்க வேண்டிய அளவுக்கு எண் இறங்க மறுத்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அமிலத்தின் வலிமை ஏறிக்கொண்டே போனது. மறுமுறை செய்தாள், அதே விளைவு. அதன்பின் எத்தனை முறை செய்தாள் என்பது அவளுக்கே நினைவிருக்குமோ என்னவோ. வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருத்தி எழுதினாள்: "கோகிலா தொட்டா வீக் ஆசிட்கூட ஜிம்முக்குப் போயிருது." எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் ஒரு சிரிப்புக் குறியை அனுப்பினாளாம். ஆயிஷா பின்னர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

நான் என் மூத்தவரின் வரிசைப்படி நடந்தேன். கருவியைக் கேட்டேன்; வேறொரு கருவியைத் தந்தேன். கரைசலைக் கேட்டேன், நானே புதிதாகத் தயாரித்தேன். அவள் மேசையில், அவள் கருவியில் நான் செய்து காட்டினால் அளவீடு ஒழுங்காக வந்தது. உடனே அவள் செய்தால் பிழைத்தது. கணக்கைச் சரிபார்த்தேன், அதில் ஒரு புள்ளிகூடத் தவறில்லை. நான் செய்து காட்டியது அவளுக்கு உதவவில்லை, கேடாகவே முடிந்தது. கருவியும் கரைசலும் ஒன்றாக இருக்க விளைவு மட்டும் வேறாக வருமானால், அவள் எந்த முடிவுக்கு வருவாள்?

"எனக்குக் கைராசி இல்லீங்க மேம்" என்றாள் ஒரு நாள். வேதியியல் படிக்கும் பெண் அப்படிச் சொல்லலாமா என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அவள் கண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புறத்தேர்வாளரின் முன் இந்த ஆய்வு வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் அவளைத் தின்றது. விடுதியில் சரியாக உண்பதில்லை என்றார்கள். ஒரு நாள் நண்பகலில் அவளுடைய தந்தை துறை அலுவலகத்து வாயிலில் நின்றார். காலையில் கிளம்பி, காங்கேயம் வழியாகச் சிங்காநல்லூரில் இறங்கி, உக்கடம் பேருந்து மாறி வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் பையில் மடித்த தாள் ஒன்று. மாற்றுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம். துறைத்தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தொடங்கினார். "காங்கேயத்துல காமர்ஸ்ல ஒரு எடம் இருக்குதுங்க. நாளைக்குக் காலையில சேந்துரோணுமுன்னு சொல்லிப்போட்டாங்க. ஊட்டுல இருந்தே போய்ட்டு வந்துக்கலாம்."

"உங்களுக்கு விருப்பமா?"

"எனக்கென்னங்க விருப்பம். ஊருக்குள்ள எம்புள்ள கெமிஸ்ட்ரி படிக்குதுன்னு சொல்லிட்டுத்தானுங்க திரியறேன். அது என்னன்னு எவனாச்சும் கேட்டா எனக்குத் தெரியாது, அது வேற. ஆனா நித்தமும் போன் பண்ணி அழுவுதுங்க. அழுதுட்டே படிக்கிற படிப்பு எதுக்குங்க?"

கோகிலா அவருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். "நீ என்ன சொல்கிறாய்?" என்றேன். "எனக்கு வராதுங்க மேம்" என்றாள். அந்தக் குரலில் 'இதுதானுங்க வேணும்' என்று சொன்னவளை நான் தேடினேன், காணவில்லை.

கையெழுத்திட மறுப்பது எளிது. அதற்குத் துறைத்தலைவரிடம் நூறு சாக்குகள் இருக்கும். மறுத்து அவளை இங்கேயே நிறுத்திக்கொண்டால், வரும் தேர்வில் அவள் மேலும் நொறுங்கக்கூடும். அப்போது காங்கேயத்து இடமும் போயிருக்கும். கையெழுத்திட்டாலோ, தனக்கு வராது என்ற தீர்ப்பை என் கைப்பட உறுதி செய்து அனுப்பியவள் ஆவேன். அந்தத் தீர்ப்பை அவள் வேதியியலோடு விட்டுவிடப் போவதில்லை. போகும் இடமெல்லாம் சுமந்துகொண்டு போவாள். இடையே முதல்வர் அலுவலகத்திலிருந்து உள்தொலைபேசி ஒலித்தது. "மேடம், டி.சி. கேட்டு வந்தவங்க உங்ககிட்ட இருக்காங்களா? முதல்வர் சீக்கிரம் கெளம்பறாரு."

"கையெழுத்திடுகிறேன்," என்றேன் கோகிலாவின் தந்தையிடம். "அதற்கு முன் ஒரே ஒரு முறை உங்கள் மகள் அந்த ஆய்வைச் செய்யட்டும். நீங்களும் வந்து பாருங்கள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்பதை அவளுடைய தந்தை ஒரு முறையேனும் பார்க்காமல் கூட்டிச் செல்லக்கூடாது என்று பட்டது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் முதலாண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாயிலருகே ஒரு முக்காலியில் அவரை அமர்த்தினோம். ஆயிஷா தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய், அப்பாவா? எங்க அத்தா மாதிரியே முழிக்கிறாரு. வணக்கமுங்க!" என்றாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். மாணவிக்கு எழுந்து கும்பிட்ட பெற்றோரை அன்றுதான் கண்டேன்.

ஆய்வகப் பணியாளர் ஆறுச்சாமியை நீங்கள் அறிவீர்கள். இன்றும் அவர்தான் காய்ச்சி வடித்த நீருக்குக் காவல். அன்றும் ஆயிஷாவின் மேசைமேல் தேங்கிய நீரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தார். "சொட்டுச் சொட்டா எறக்கறது நானுங்க. இந்தப் புள்ள மேசையக் குளிப்பாட்டிட்டு இருக்குது. அம்மிணி, இது என்ன அமராவதி ஆறா?"

"அண்ணா, ஆறா இருந்தா உங்ககிட்டக் கேப்பனா? நானே போயி மோந்துக்குவேன்" என்றாள் ஆயிஷா.

நீர்க்கலனுக்கு மேலே 'சிக்கனமாகப் பயன்படுத்துக' என்று அவர் எழுதி ஒட்டிய அட்டை தொங்கியது. அது எவ்வளவோ ஆண்டுகளாக அங்கே இருந்தது. அதை நான் படிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது.

கோகிலா தொடங்கினாள். பொட்டாசியம் குளோரைடை அளந்தாள், சரி. அமிலத்தின் முதல் கரைசல், ஏறத்தாழச் சரி. அடுத்தது சற்றே விலகியது. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளும் எண்ணைப் பார்த்தாள். இருவரும் ஒரு நோயாளியின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் ஆறுச்சாமி விருந்தினர்க்கு ஒரு குவளையில் குடிநீர் கொண்டுவந்து தந்தார். தந்தை அண்ணாந்து, வேண்டிய அளவு குடித்தார். பாதி மிஞ்சியது. அவருக்குக் கையெட்டும் தொலைவில் கழுவுதொட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் போய், அங்கே தொட்டியில் நின்ற செம்பருத்தியின் வேரில் அந்த நீரை மெதுவாக ஊற்றினார். குவளையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழும்வரை பிடித்திருந்தார். திரும்பி வந்து அமர்ந்துகொண்டார். யார் பார்க்கவும் அவர் அதைச் செய்யவில்லை. நீர் மிஞ்சினால் அவர் வீட்டில் அது போகும் வழி அதுதான்.

நான் புன்னகையோடு பார்வையைத் திருப்பினேன். அது பெட்டிக்குப் போகாமல் கோகிலாவின் கைகளில் விழுந்தது.

ஒரு கரைசலிலிருந்து எடுத்த மின்வாயை அடுத்ததில் தோய்க்குமுன் கழுவ வேண்டும். அமுக்கினால் நீர் பீச்சும் அந்த நெகிழிக் குப்பியை அவள் எடுத்தாள். மிகச் சிறிதாக ஒரு முறை அமுக்கினாள். வழிந்த நீரைக் கீழே ஒரு கண்ணாடி முகவையில் பிடித்தாள். பிறகு அந்த முகவையிலேயே மின்வாயைத் தோய்த்து, அலசி, எடுத்து, அடுத்த கரைசலுக்குள் விட்டாள். முகவையைத் தொட்டியில் கொட்டவில்லை. பத்திரமாக ஓரமாக வைத்தாள். அடுத்த கழுவலுக்கும் அதே முகவை. ஆய்வின் தொடக்கத்திலிருந்து அதே நீர்.

நான் எத்தனையோ முறை அவள் தோளருகே நின்றிருக்கிறேன். தொலைவிலிருந்து பார்த்தால் எல்லோரும் செய்வதுபோலவேதான் அது இருக்கும்: மின்வாய் ஒரு முகவைக்குள் போகிறது, வெளியே வருகிறது. செய்முறை நூலில் அந்த இடத்தில் 'கழுவுக' என்ற ஒற்றைச் சொல்தான் உண்டு. பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளில் அதுவும் இராது. சலிப்பூட்டும் என்று கழுவும் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் நான் மிகவும் தயங்கினேன். தவறு கிடைத்துவிட்டது. உரக்கச் சொல்லிவிட நா துடித்தது. ஆனால் சொல்லப்போவது என்ன? 'நீ நீரை மிச்சம் பிடித்தாய், அதனால் கெட்டது' என்பதா? அதுவும், குவளை நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் முன்னாலா? அந்த வீட்டில் அவள் கற்றவற்றுள் மிகச் சிறந்த ஒன்றை, குற்றம் என்று பெயரிட்டு நான் திருப்பித் தரக்கூடாது. அவளே கண்டால் அது கண்டுபிடிப்பு. நான் சொன்னால் அது வசை.

உள்தொலைபேசி மறுபடியும் ஒலித்தது. ஆறுச்சாமி எடுத்து, என்னைப் பார்த்து, "வந்துருவாங்கன்னு சொல்லீட்டனுங்க" என்று வைத்துவிட்டார்.

"கோகிலா, அந்த முகவையில் இருப்பது என்ன நீர்?" என்று கேட்டேன்.

"கழுவுன தண்ணிங்க மேம். சுத்தமாத்தான் இருக்குதுங்க. சும்மா முக்கி எடுத்ததுதானுங்க."

"அதில் முதலில் கழுவியது எதை அளந்த பிறகு?"

"பொட்டாசியம் குளோ..." என்றவள் நிறுத்தினாள். முகவையைப் பார்த்தாள். கையில் இருந்த மின்வாயைப் பார்த்தாள். பெட்டியின் எண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று மெல்லப் பரவியது; துயரமா மகிழ்ச்சியா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"என்னாச்சு கண்ணு?" என்று தந்தை எழுந்து வந்தார்.

"உப்புங்கப்பா" என்றாள். "மொதல்ல உப்புக் கரைசல அளந்தேன். கழுவுன தண்ணியிலேயே மறுக்கா மறுக்கா கழுவுனேன். அந்த உப்பு ஒவ்வொண்ணுலயும் போயிருக்குது. ஆசிட் கரைசல் நீர்த்துப் போகப் போக அதுல கரண்ட்டக் கடத்துறது கொறைஞ்சுட்டே வரும். நான்தான் உப்பக் கொண்டுபோயி உட்டுட்டே இருந்திருக்கறேன்."

அவள் பேசி அவ்வளவு நீளமாக நான் கேட்டதே இல்லை. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நல்ல தண்ணிக் கொடத்துல போர்த் தண்ணிச் சொம்ப உட்ட மாதிரியா?"

"அதேதானுங்கப்பா."

"அடடா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கூட்டுல அதுக்கு இவங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்காத ஆளே இல்லீங்க டீச்சர். போர் உப்பா இருக்குது. நல்ல தண்ணி என்னைக்காச்சும் ஒரு நாளைக்குத்தான் வருது. ரெண்டுக்கும் ஒரே சொம்பப் போட்டா அன்னைக்குப் பொழுது தீந்துதுன்னு அர்த்தம். ஏன் கண்ணு, உனக்குத் தெரியாததா?"

"இது எல்லாமே ஒரே மாதிரி இருந்துச்சுங்கப்பா" என்றாள் அவள். மின்வேதியியலில் தொடக்கநிலை மாணவி படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபடி செய்ய வேண்டும். அதற்கு முதலில் அந்த முகவையைக் கொட்ட வேண்டும். அவள் அதை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டியின் மேல் நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். அதில் ஒரு வாய் நீர் இருக்கும். கை கவிழ மறுத்தது. கவிழ்க்கச் சொல்ல வேண்டியவர் நாங்கள் இல்லை என்பது எனக்கும் ஆறுச்சாமிக்கும் தெரிந்திருந்தது.

"ஊத்து கண்ணு" என்றார் அவளுடைய தந்தை. "இங்க இது ஊத்தறதுக்குண்டான தண்ணி."

அவள் ஊற்றினாள்.

ஆனால் ஒரு முறை ஊற்றினால் தீருவதா? ஒவ்வொரு கரைசலுக்கும் இடையே, மூன்று நான்கு முறையாவது புதுநீரில் கழுவிக் கொட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் கை தொட்டியின் மேல் ஒரு கணம் நின்றது. ஆயிஷா இதைப் பொறுக்கமாட்டாமல் தரை துடைக்கும் நீல வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இதுல ஊத்துடி. அப்புறமாச் செடிக்கு ஊத்திக்கலாம். ஒவ்வொரு சொட்டுக்கும் இப்பிடி நீ அஞ்சலி செலுத்திட்டு நின்னா உங்கப்பாவுக்கு பஸ்ஸு போயிரும்."

"அம்மிணி, அது தொடைக்கிற வாளி!" என்றார் ஆறுச்சாமி.

"இன்னிக்கிருந்து இது கோகிலா வாளிங்கண்ணா. நீங்க வேற வாங்கிக்குங்க."

கோகிலா சிரித்தாள். அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து ஆய்வகத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதன்பின் கை நிற்கவில்லை. குப்பியைத் தாராளமாக அமுக்கினாள். வாளியில் நீர் விழும் ஓசை கேட்டது. எண் இறங்கியது. அடுத்த கரைசலில் மேலும் இறங்கியது. கடைசிக் கரைசலில் அது எங்கே நிற்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அங்கே போய் நின்றது. ஆயிஷா கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, "மேம், ஆசிட் மறுபடியும் வீக் ஆயிருச்சு!" என்று கூவினாள். புலனக் குழுவில் கேலி எழுதியவளும் அந்தக் கூட்டத்தில் கைதட்டினாள்.

அவளுடைய தந்தைக்கு எண் விளங்கவில்லை. மகளின் முகம் விளங்கியது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, பிரிக்காமல், கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன கண்ணு? போலாமா, இருக்கறயா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். 'இருக்கறேன்' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்தபடி, "இன்னொருக்கா செஞ்சு பாத்துட்டுச் சொல்றனுங்கப்பா" என்றாள்.

நான் போய் உள்தொலைபேசியில் முதல்வர் அலுவலகத்தை அழைத்தேன். காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒரு முறை சரியாக வந்ததை நம்பிவிடாமல், இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவிக்குத் தோன்றிவிட்ட பிறகு, அவளை எந்தத் துறைக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு என்ன வேலை?

இரண்டாம் முறையும் சரியாகவே வந்தது. அவளுடைய தந்தை அந்தத் தாளை என் மேசைமேல் வைத்து, "இத நீங்களே என்னமோ பண்ணிக்குங்க டீச்சர்" என்றார். போகும்போது ஆறுச்சாமி தடுத்தும் கேளாமல் வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு போய்ச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, காலி வாளியைத் திரும்பக் கொண்டுவந்து சன்னலோர மேசையின் கீழே வைத்தார். அதன்பின் அது அங்கிருந்து நகரவில்லை. மிக நீர்த்த அமிலமும் வெறும் கழுவுநீரும் செடியை ஒன்றும் செய்யா. ஆனால் செம்பும் வெள்ளியும் பயன்படும் ஆய்வுகளின் நீரை அதில் சேர்க்கவிடாதீர்கள்; அதற்குத் தனிக்கலன் உண்டு.

கோகிலா இளநிலையை நன்றாகவே முடித்து இப்போது முதுநிலை படிக்கிறாள். ஆறுச்சாமி தம் அட்டையை யாரும் சொல்லாமலே கழற்றிவிட்டார். செய்முறை நூலில் 'கழுவுக' என்ற சொல் இருந்த இடத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். அடுத்த பதிப்பிலும் அவற்றை விட்டுவிடாதீர்கள். மூடிய குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதும். லாரி நீருக்குக் குடத்தோடு காத்து நின்றவளுக்கு அது போதாது. என் மூத்தவரின் வரிசை தவறு என்று நான் கருதவில்லை. கருவியைக் கேளுங்கள், கரைசலைக் கேளுங்கள், பிள்ளையைக் கேளுங்கள். மூன்றும் விடை தராதபோது, அவள் வீட்டில் குடங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல, கவனக்குறைவால் வருவன அல்ல. வேறோர் இடத்தில் மிகச் சரியாக இருந்த ஒன்றை அவர்கள் மாறாமல் இங்கே கொண்டுவந்திருப்பார்கள்.

குழு வரும் நாளில் வாளி கண்ணை உறுத்துமானால், ஒரு துணியைப் போட்டு மூடிவையுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை அகற்றுவதென்று முடிவு செய்யுமுன், முதலாண்டுப் பிள்ளைகள் முதன்முதலாக மின்வாயைக் கழுவும் நாளில் அவர்களுக்குப் பின்னால் ஒரு முறை நின்று பாருங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம். கைகளைப் பாருங்கள். கழுவுதொட்டியின் மேல் ஒரு கணம் நின்றுபோகும் கை ஒன்று நிச்சயமாக இருக்கும். அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிடுங்கள்.